எந்தத் தோட்டம் நீங்க?

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில் அறுபதைத் தாண்டிய இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், இலையில் சாம்பார் விழுவதற்குள் இந்தக் கேள்வி விழுந்துவிடும். பதிலாக வரும் ஊர் பெரும்பாலும் இன்றைய வரைபடத்தில் இருக்காது. சீஃபீல்ட் ரப்பர் தோட்டம் சுபாங் ஜெயாவாகிவிட்டது. பிராங் பெசார் தோட்டத்தின்மேல் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்து நிற்கிறது. ஆனாலும் "இப்போ எங்க இருக்கீங்க?" என்று யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. தாமான் எனும் குடியிருப்பின் பெயரும் அடுக்குமாடி எண்ணும் பாயசத்துக்குப் பிறகு வந்தால் போதும்.

இத்தனைக்கும் அந்தத் தோட்டத்தில் ஒரு பிடி மண்கூட அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தின்மீது இவ்வளவு ஒட்டுதல் எங்கிருந்து வந்தது?

துரைமீது பாசம் இருந்திருக்க வழியில்லை. ரப்பர் மரத்தின்மீதும் அவ்வளவாக இருந்திருக்காது. கூலியில் சந்தா பிடித்துக் கட்டிய மாரியம்மன் கோயில், அதன் தீமிதி, ஒரே வாத்தியார் எல்லா வகுப்பையும் மேய்த்த தமிழ்ப்பள்ளி, சாயங்காலம் பந்து விளையாடிய திடல், பிரசவ நேரத்தில் கூப்பிடாமலே வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று பாசம் போய் ஒட்டிக்கொண்ட இடங்கள் வேறு. அத்தனையும் பிறர் நிலத்தில் இவர்களே உண்டாக்கிக்கொண்டவை.

அந்த நிலத்தையே வாங்கிவிட்டால் என்ன என்று அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் நினைத்தார். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. தோட்டத் துண்டாடல் என்றால் இன்றும் பெரியவர்கள் முகம் மாறும். 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிச் சேர்ந்தார்கள். முதலில் கைக்கு வந்தது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். சங்கம் காப்பாற்றியது சில தோட்டங்களைத்தான், மற்றவை போயின. சம்பந்தனின் பெயரை இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலை தாங்கி நிற்கிறது.

பிரிக்பீல்ட்ஸின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. சட்டை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சாய்த்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் எழுப்ப இங்கே சூளைகள் வந்தன. பின்னர் ரயில்வே வந்தது. அதோடு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும், தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள். சிங்களவர்கள் 1894இல் புத்த மகா விகாரையை நிறுவினார்கள். இலங்கைத் தமிழர்கள் 1902இல் கந்தசுவாமி கோயிலைத் தொடங்கினார்கள். தேவாலயங்கள் வந்தன, பார்வையற்றோர் சங்கம் வந்தது. ஒரே நாளில் தேவாலய மணியும் கோயில் மணியும் விகாரையின் ஓதலும் கேட்ட தெருக்கள் இவை. இங்கேயும் வீடு குவார்ட்டர்ஸ்தான். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பித் தர வேண்டும்.

பத்திரிகையாளர் பாலன் மோசஸ் இந்தப் பேட்டையின் நினைவுகளைத் திரட்டி 2007இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன்பே ரயில்வே யார்டு இருந்த இடத்தில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வந்துவிட்டது. 2001இல் அது திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து இங்கே 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்தார்கள். வளைவும் வண்ணத் தூண்களும் சுற்றுலாப் பயணிக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பேட்டைக்கு அலங்காரம் செய்ய ஆள் வருகிறார்கள் என்றால், அங்கே குடியிருந்தவர்கள் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று பெரும்பாலும் பொருள்.

ஏக்கம் மலிவான சரக்கு. பூச்சோங்கிலோ மெல்பர்னிலோ உட்கார்ந்து பழைய அப்பக் கடையை நினைத்து உருகுவதற்குச் செலவில்லை. அடைத்துக்கொண்ட சாக்கடைக்காக நகராண்மைக் கழகத்துக்கு மூன்றாம் முறை போன் செய்பவர், ஆள் வராத பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கும் போய் உட்காருபவர், கோயில் கணக்கைக் கேட்டுப் பகை சம்பாதித்துக்கொள்பவர் ஆகியோருடைய பாசம் வேறு ரகம். இது அவ்வளவு அழகாக இருக்காது. எரிச்சலும் சலிப்பும் கலந்திருக்கும். ஆனால் போனவரின் ஏக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1904இல் தொடங்கப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளியே வந்தபோது, குரல் கொடுத்தவர்களில் எப்போதோ பேட்டையை விட்டுப் போனவர்களும் இருந்தார்கள். பத்திரம் யார் பெயரில் என்பது ஒரு கேள்வி; அந்தக் கட்டடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பேச்சுரிமை உண்டா என்பது இன்னொரு கேள்வி.

இந்தப் பாசத்துக்கு இருண்ட முகமும் இருக்கிறது. சீஃபீல்ட் தோட்டம் போன பிறகும் அதன் மாரியம்மன் கோயில் வீடமைப்புப் பகுதிக்கு நடுவே நின்றது. 2018 நவம்பரில் அதை இடம் மாற்றும் விவகாரத்தில் கலவரம் வெடித்தது. பணிக்கு வந்த ஒரு தீயணைப்பு வீரர் பலத்த காயமடைந்து பின்னர் இறந்தார். அவருக்கும் வீடு இருந்தது, காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர்களை யாரும் கிளப்ப முடியாத இடம் பத்துமலை. அது தொடக்கத்தில் அவர்களுடையது அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பூர்வகுடிகளான தெமுவான் மக்கள் அதன் குகைகளை அறிந்திருந்தார்கள். சீனக் குடியானவர்கள் காய்கறித் தோட்டத்துக்கு வௌவால் எரு அள்ளினார்கள். சிங்கப்பூரில் பிறந்து கோலாலம்பூருக்கு வந்த கா. தம்புசாமி பிள்ளை 1890இல் அங்கே முருகனுக்கு இடம் கண்டார். 1892இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. தைப்பூசத் தேர் புறப்படும் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலே 1873இல், பின்னாளில் ரயில் நிலையம் வந்த இடத்துக்குப் பக்கத்தில் தோன்றி, 1885இல் இன்றைய இடத்துக்கு மாறியதுதான். அம்மனுக்கும் ஒருமுறை வீடு மாற்ற வேண்டியிருந்தது.

தைப்பூசத்தன்று மலையடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல்களைச் சுற்றி வந்தால் போதும். கலைந்துபோன தோட்டங்களும் பேட்டைகளும் அங்கே கரண்டியும் மோருமாகக் கூடியிருக்கும். ஷா ஆலமில் ஒருவர், ரவாங்கில் ஒருவர் என்று சிதறியவர்கள் ஆண்டுக்கொரு முறை சேர்ந்து அரிசி வாங்கி, யார் எவ்வளவு கொடுத்தது என்று சண்டையும் போட்டுவிட்டு, வருகிறவர் தமிழரா சீனரா என்று பாராமல் தட்டை நீட்டுவார்கள்.

அடிவாரத்துக்கு அருகே 29 மாடிக் கட்டடம் வரப்போகிறது என்றதும் 2012இல் பக்தர்களும் சுண்ணாம்புமலைக்காகக் கவலைப்பட்ட இயற்கை ஆர்வலர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். மாநில அரசு பணியை நிறுத்தச் சொன்னது. ஆறு ஆண்டுகள் கழித்து, குடமுழுக்கை ஒட்டி 272 படிகளுக்கும் கோயில் நிர்வாகமே வானவில் வண்ணம் அடித்தபோது, மரபுடைமைத் துறை அனுமதி எங்கே என்று கேட்டது. உலகம் முழுவதிலுமிருந்து படம் எடுக்க வந்து குவிந்தார்கள். இது என்ன சர்க்கஸா என்று முகம் சுளித்த பழைய பக்தர்களும் உண்டு. அவர்களும் அடுத்த தைப்பூசத்துக்கு வந்தார்கள்; முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள்.