மறக்கப்பட்டவர்களுக்காக மன்றாடுவோம்



1931-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31-ந் தேதி, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி நகரிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்குப் புறப்பட்ட ஃபாக்கர் விமானமொன்று, பசார் என்னும் சிற்றூருக்கு அருகே மாடு மேயும் புல்வெளியில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த எட்டுப் பேரும் மாண்டார்கள்.

அவர்களில் ஒருவரைத் தேசமே அறிந்திருந்தது. அவர்தான் நூட் ராக்னி. நார்வே நாட்டிலே பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, தேவமாதாவின் பெயர் தாங்கிய நோட்ர் டாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரானவர். அவருடைய குழு பதின்மூன்று ஆண்டுகளில் 105 ஆட்டங்களை வென்று, பன்னிரண்டில் மாத்திரமே தோற்றது. லுத்தரன் சபையில் பிறந்த அவர், 1925-ல் நம் திருச்சபையில் சேர்ந்தார். பெரிய சனிக்கிழமையன்று நடந்த அவருடைய அடக்கச் சடங்கை வானொலி நாடெங்கும் ஒலிபரப்பியது. ஜனாதிபதி இரங்கல் தெரிவித்தார். நார்வே மன்னர் தம் பிரதிநிதியை அனுப்பினார்.

மற்ற ஏழு பேர் யார்? விமானம் ஓட்டிய ராபர்ட் ஃப்ரை, அவருக்குத் துணையாயிருந்த ஜெஸ் மத்தியாஸ், இன்னும் ஐந்து பயணிகள். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. ஆயினும் அது ‘ராக்னி இறந்த விமானம்’ என்றே சரித்திரத்தில் நிலைத்துவிட்டது.

அந்த விமானத்தின் இறக்கை மரத்தாலானது. மரத்தை ஒட்டியிருந்த பசை ஈரத்தால் வலுவிழந்து, இறக்கை வானத்திலேயே முறிந்துபோயிற்று. முறிந்தபோது அது பேர் பெற்றவர், பெறாதவர் என்று பார்க்கவில்லை. இவ்விபத்துக்குப் பின்பே மர இறக்கை போய், முழுதும் உலோகத்தாலான விமானங்கள் விரைந்து வந்தன. வளைகுடா நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு நிம்மதியாக உறங்கும் தாய்மாரே, அந்த நிம்மதிக்கு எட்டுப் பேரும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

அன்று அவ்விடத்துக்கு ஓடி வந்தவர்களில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். பின்னர் அங்கே நினைவுக்கல் எழுந்தது. அதில் எட்டுப் பேருடைய பெயர்களும் பொறிக்கப்பட்டன. அந்தச் சிறுவன் வளர்ந்து, முதியவனாகி, 2008-ல் இறக்குமட்டும் நெடுங்காலம் அந்தக் கல்லைப் பராமரித்தான்; தேடி வந்தவர்களை அங்கே அழைத்துச் சென்றான். இறந்தவர் ஒருவரும் அவனுக்கு உறவினர் அல்ல. இதுவல்லவோ அன்பு!

பிரியமானவர்களே, நம் ஆண்டவர் சொன்ன உவமையை நினைத்துப் பாருங்கள். வாசலில் கிடந்த ஏழைக்கு லாசர் என்று பெயரிட்டார். பட்டு உடுத்திய தனவானுக்கோ பெயரே சொல்லவில்லை. உலகம் எழுதும் வரிசை வேறு, சர்வேசுரன் எழுதும் வரிசை வேறு. நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பத்திரிகையில் வந்த ஆடுகளை மாத்திரம் அல்ல.

இனி நம் பங்கைப் பார்ப்போம். நவம்பர் மாதத்தில் மரித்தோர் பெயர்களை நான் பீடத்தில் வாசிக்கிறேன். சில குடும்பங்களின் பெயர்கள் வருஷந்தோறும் வருகின்றன, அது நல்லதே. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், மரச்சிலுவை உளுத்து விழுந்த குழிகளில் கிடப்பவர்களுக்கு யார் பூசை கேட்கிறார்கள்? கேட்பாரில்லை என்று நானும் வாசியாமல் விட்டேன். அது என் குற்றம். உத்தரிக்கிற ஸ்தலத்திலே நம் செபத்துக்காகக் காத்திருக்கும் ஆத்துமங்களுள் அவர்களும் இருக்கலாமன்றோ?

ஆகையால், ஒவ்வொரு குடும்பமும் உங்கள் மரித்தோரோடு, உறவற்ற ஒருவரின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். உங்களுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, மணியடித்த கோயில்பிள்ளை, குழி வெட்டியவர், வீட்டு வேலை செய்து ஓய்ந்த கிழவி, இப்படி யாரேனும் ஒருவர். பெயர் மறந்துபோயிருந்தால் அவர் செய்த வேலையை எழுதுங்கள். சர்வேசுரனுக்கு அது போதும். இதற்குக் காணிக்கை வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பெயரில்லாத ஒரு குழியருகே முழந்தாளிட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். நாளை நம் குழியின் சிலுவையும் உளுத்துப்போகும். அப்போது யாரோ ஒரு பிள்ளை நமக்காக முழந்தாளிடட்டும்.

மரித்த விசுவாசிகள் யாவரும் ஆண்டவருடைய இரக்கத்தால் சமாதானத்தில் இளைப்பாறுவார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு