இன்மையை அறிதல்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையை அடுத்த எல்லைச் சிற்றூர்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்குவதால், அவ்வூரார்க்கு மறுப்பு என்பது பல சாயல்கள் கொண்ட விஷயம். பொருள் கைவசம் இல்லாதபோது ‘இல்ல’ என்றும், கேட்டது இதுவன்று எனில் ‘அல்ல’ என்றும், விருப்பமில்லாதபோது ‘வேண்ட’ என்றும், உடலோ சக்தியோ இடங்கொடாதபோது ‘வய்ய’ என்றும் மலையாளப் பேச்சு பிரித்துரைக்கிறது. நம் பேச்சுத் தமிழோ பெரும்பாலும் ‘அல்ல’ என்பதை ஏட்டோடு நிறுத்தி, அதன் பாரத்தையும் ‘இல்லை’யின் தோளில் ஏற்றிவிட்டது. எனக்கு இதில் வருத்தமுண்டு.

கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் இயங்கும் லினக்ஸின் மூலபாகமாகிய கெர்னலிலும் இதே சிக்கலைக் காண்கிறேன். ஒரு நிரல் வன்பொருளிடம் ஏதேனும் சிறப்பாற்றலை வேண்டி, அவ்வாற்றல் அதனிடம் இல்லையாயின், கெர்னல் ஓர் எண்ணையே விடையாகத் தரும். பெரும்பாலான கணினிகளில் 95 என்ற எண்ணுக்கு ‘இச்செயலுக்கு ஆதரவில்லை’ என்று பொருள். அதைக் கேட்ட நிரல், வன்பொருள் செய்யாததைத் தானே வேறு வழியில் செய்துகொள்ள முற்படலாம். ஆனால் வலைவழிக் கோப்பு முறையொன்றின் 3ஆம் பதிப்புக்கென வகுக்கப்பட்டு, கெர்னலின் அகத்தே மட்டும் வழங்கவேண்டிய 524 என்ற எண்ணும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டின் பெயர்களும் ஈரெழுத்தளவே வேறுபடுவதால், சாதன இயக்கிகளை எழுதுவோர் மயங்கி 524ஐ வெளியே விட்டுவிடுகின்றனர். அப்போது திரையில் தோன்றுவது ‘அறியப்படாத பிழை 524’ என்பதே.

இல்லாததை அறிவது எப்படி என்று நம் முன்னோர் ஆழ்ந்து விசாரித்திருக்கின்றனர். மணிமேகலையின் 27ஆம் காதையில் எண்ணப்படும் பத்து அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், இன்மையாகிய அபாவமும் ஒன்று. மீமாம்சகரான குமாரிலபட்டர் அனுபலப்தியை, அதாவது காணாமையையே, ஆறாவது பிரமாணமாக ஏற்றார். ஆயினும் வெறும் காணாமை போதாது, காணத்தக்க நிலைமையில் காணாமையே பிரமாணமாகும் என்பது அம்மரபின் நிபந்தனை. விளக்கெரியும் அறையில் குடம் தென்படாவிடில் குடமில்லை என்ற ஞானம் உண்டாகிறது. இருட்டறையில் தென்படாவிடில் எதுவுமே நிச்சயமாவதில்லை. 95 என்னும் விடை விளக்கொளியில் கண்ட இன்மை, 524 இருட்டு. வன்பொருளின் குறை இரண்டிலும் ஒன்றேயாயினும், முன்னதைப் பெற்றவனுக்கு ஓர் உண்மை கிடைக்கிறது, பின்னதைப் பெற்றவனோ குறை தன் கேள்வியிலா, கருவியிலா, கெர்னலிலா என்று அறியாமல் மயங்குகிறான். இயலாமையைத் தெளிவாகச் சொல்வதும் ஒருவகை தானமே என்று நான் கருதுவது இதனாலேயே.

திருத்தம் பெரும்பாலும் ஒரே வரிதான். கெர்னலின் நிரல்நடைச் சோதனைக் கருவியும் 524ஐக் கண்டால் எச்சரிக்கிறது. தர்மசங்கடம் வேறிடத்தில் உள்ளது. தவறாக வெளிப்பட்ட எண்ணையே நம்பிச் சில நிரல்கள் எழுதப்பட்டுவிட்டால், அதை மாற்றுவது அவற்றை முறிப்பதாகும். பயனர் நிரலை முறிக்கலாகாது என்பதோ கெர்னல் ஆக்குவோரின் தலையாய விரதம். ஆதலால் புதிதாக எழுதப்படும் இயக்கிகளில் 95ஐ இட்டு, பிறர் ஏற்கெனவே சார்ந்துவிட்ட இடங்களில் பழைய 524ஐ அப்படியே விட்டுவைப்பதே நியாயம் என்று, மனம் முழுதும் ஒப்பாமலே, ஒப்புக்கொள்கிறேன்.