செவியொழியின் அறிவொழியுமோ?

செவிப்புலன் ஒழிந்தவிடத்து மூளையிற் கேள்விக்குரிய பகுதி வறிதே கிடக்குமோ எனின், கிடவாது. இளமையிலேயே அப்புலன் இழந்தோர் அசையும் காட்சியொன்றைக் காணுங்கால் அப்பகுதி தொழிற்படுதலை, பின்னி, பைன், டாப்கின்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அற்றேல், கருவிக்குத் தொழில் வரையறையின்று. மூளையே அறிவதாம், உயிரென வேறொன்று வேண்டா எனின், அற்றன்று. வாயிலொன்று அடைபட்ட வீட்டில், அதனையடுத்த அறை வேறு பயனுக்கு ஆக்கப்படும். அறையின் பயன் மாறிற்றென்பதுகொண்டு குடியிருப்போன் இலனென்று துணிதல் பொருந்துமோ? மாறியது கருவியே.

ஆயினும், ஈண்டு நாம் அஞ்சற்பாலது ஒன்றுண்டு. பிறவியிற் செவிப்புலனில்லாக் குழவிக்கு உட்செவியிற் பதிக்கும் மின்கருவியை ஏறத்தாழ மூன்றரை வயதிற்குள் பொருத்தின், மூளை ஒலியைப் பெரும்பாலும் இயல்பாகவே ஏற்கும்; ஏழு வயது கடந்தபின் அங்ஙனம் ஏற்றல் அரிது. சைகைமொழியும் இளமையிற் பயிலவே செவ்விதின் அமையும். மூளை நமக்காகக் காத்திராது.

ஆகலின், 'இது பழவினை. யாம் செய்யக்கிடந்தது யாது?' என்று பெற்றோர் வாளாவிருத்தல் அறமாகாது. வினைப்பயனாய் வந்த அவ்வுடம்பே உதவியை ஏற்கும் பருவத்தையும் உடன்கொண்டு வந்தது. அப்பருவத்தைப் பாழ்படுத்தல் குழவியின் வினையன்று. நம் வினையேயாம் என்க.