மூலையைப் பிடித்து இழுக்கும்போது...

பவர்பாயின்ட்டில் ஒரு வட்டம் போடுங்கள். அதை க்ளிக் செய்தால் சுற்றிலும் எட்டுச் சின்னப் புள்ளிகள் முளைக்கும். பக்கத்துப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் வட்டம் முட்டையாகிவிடும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு மூலையை இழுத்தால் வட்டம் வட்டமாகவே பெருக்கும். கன்ட்ரோலையும் சேர்த்து அழுத்தினால் மையம் நகராமல் நாலா பக்கமும் ஊதும். ‘இதெல்லாம் என் பொண்ணுக்கே தெரியுமே’ என்கிறீர்களா? சரி, ஒரு சின்னக் கணக்கு.

போன வருஷ விற்பனை ஒரு கோடி. இந்த வருஷம் இரண்டு கோடி. போன வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் வட்டம் போட்டிருக்கிறீர்கள். இந்த வருஷத்துக்கு? இரண்டு மடங்குதானே என்று நாலு சென்டிமீட்டருக்கு இழுத்துவிடுவீர்கள். உள்ளே ‘2 கோடி’ என்று எழுதியாச்சு. எண்ணில் பைசா பிசகில்லை. ஆனால், வட்டத்தின் பரப்பு நாலு மடங்காகிவிட்டது. பார்க்கிறவர் கண்ணுக்கு முழுசாக நாலு மடங்கு தெரியாவிட்டாலும், இரண்டைவிட ரொம்ப அதிகம் என்று நிச்சயம் தெரியும்.

எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார். படத்தில் தெரியும் உயர்வை நிஜமான உயர்வால் வகுக்க வேண்டும். விடை ஒன்று என்றால் படம் யோக்கியம். நம் வட்டத்தில் நிஜ உயர்வு 100 சதவீதம், படத்தில் 300. விடை மூன்று. இந்த அளவுகோலுக்கு அவர் வைத்த பெயரிலேயே ‘பொய்’ என்ற சொல் இருக்கிறது.

‘எண்ணைத்தான் சரியாகப் போட்டிருக்கிறதே, படித்துக்கொள்ள வேண்டியதுதானே? இதில் பொய் எங்கே வந்தது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பி.காம். படித்தவர்களுக்கு இதே கேள்வி வேறு உருவத்தில் அறிமுகமாகியிருக்கும். ஆடிட்டிங் பாடத்தில் வரும் கில்சன்ட் பிரபு வழக்கு.

1928-ல் ராயல் மெயில் என்ற இங்கிலாந்துக் கப்பல் கம்பெனி கடன் பத்திரம் வெளியிட்டது. பல வருஷங்களாகக் கொடுத்துவந்த டிவிடெண்டை விளம்பர அறிக்கையில் பட்டியல் போட்டார்கள். அத்தனையும் நிஜம். கம்பெனி சில வருஷங்களாக நஷ்டத்தில் ஓடுகிறது, பழைய போர்க்காலச் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் டிவிடெண்ட் கொடுக்கிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சேர்மன் கில்சன்ட்டுக்கு 1931-ல் ஒரு வருஷம் ஜெயில். தனித்தனியாக எல்லாம் உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய். கணக்குகள் ‘உண்மையாகவும் நியாயமாகவும்’ இருக்க வேண்டும் என்று நம் ஊர் கம்பெனிச் சட்டமும் கேட்கிறது. உண்மை மட்டும் போதும் என்றால் அந்த இரண்டாவது வார்த்தைக்கு வேலையே இல்லை.

அதற்காக, பெரிதாகக் காட்டுவதெல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. நம் ஊர் ஃப்ளெக்ஸ் பேனரைப் பாருங்கள். தலைவர் முகம் யானை சைஸ், மாவட்டம் பூசணிக்காய், வட்டச் செயலாளர் எலுமிச்சம்பழம். தலைவருக்கு நிஜமாகவே அவ்வளவு பெரிய தலை என்று எந்த ஓட்டரும் ஏமாறுவதில்லை. பழைய எகிப்தியச் சித்திரங்களிலும் ராஜா பெரிசு, வேலைக்காரன் பொடிசு. வரைகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: அளவு என்றால் அந்தஸ்து. விற்பனை வட்டத்திலும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: அளவு என்றால் தொகை. அதை ஒருவர் மட்டும் மீறுகிறார், மற்றவருக்குத் தெரியாது. சிக்கல் அங்கேதான்.

சின்னதாக்குவதும் இதே கதைதான். கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடத்தில் இறந்துபோனது நினைவிருக்கும். கிளம்பும்போதே ஒரு நுரைத்துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியிருந்தது. ஆபத்து உண்டா என்று, ஓடம் வானில் இருந்தபோதே பொறியாளர்கள் ஒரு ஸ்லைடு தயாரித்தார்கள். தலைப்பு பெரிய எழுத்தில், தெம்பூட்டும் தொனியில். கடைசியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: பழைய சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இப்போது மோதியதோ 1,920. அதாவது 640 மடங்கு. விஷயத்தை யாரும் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருந்தார்கள். அந்த ஒரு ஸ்லைடுதான் ஓடத்தை எரித்தது என்பது அபத்தம். ஆனால், அதே ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை அதைக் குறிப்பிட்டுக் குறை சொன்னது.

இதில் இன்னொரு கூத்து. பெட்டிக்குள் வார்த்தை கொள்ளாவிட்டால் பவர்பாயின்ட் தானாகவே எழுத்தைச் சுருக்கிவிடும். எது முக்கியமில்லை என்று யாரும் முடிவெடுக்கவே இல்லை, ஆனால் முடிவாகிவிட்டது!

நிஜமான தர்மசங்கடம் யாருக்கு? பெரும்பாலும் மவுஸைப் பிடித்திருக்கும் ஜூனியருக்குத்தான். பின்னால் நின்று ‘கொஞ்சம் பெரிசு பண்ணுப்பா, எடுப்பா இருக்கட்டும்’ என்கிறார் மேனேஜர். பொய் சொல்லு என்று அவர் சொல்லவில்லை. வரவு செலவில் ஒரு பூஜ்யம் சேர்க்கச் சொன்னால் கை நடுங்குகிற பையன், இதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே இழுப்பான். கை நடுங்காததற்குக் காரணம், வட்டத்தின் சைஸை இதுவரை எந்த ஆடிட்டரும் சரிபார்த்ததில்லை.

அவனுக்காக ஒரு தகவல். பரப்பு சரியாக இரண்டு மடங்காக வேண்டுமானால் நாலு சென்டிமீட்டர் வேண்டாம், 2.83 போதும். இழுக்காமல், அளவுப் பெட்டியில் எண்ணை டைப் அடிக்கலாம். அல்லது வட்டத்தையே விட்டுவிட்டுப் பட்டை போடலாம். அகலம் அப்படியே நிற்கும், உயரம் மட்டும் இரட்டிக்கும். ‘டல்லா இருக்கே’ என்பார் மேனேஜர். இருக்கும்தான்.