கொசுவின் மேல் போட்ட பழி

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்ககத்துக்குப் புகையடிக்க ஆள் வந்தால் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டே ஒன்றையேதான் சொல்வார்: “அப்பவும் இதத்தான் அடிச்சாங்க.” அப்போது என்றால் 1999. பெரிய மாமா புக்கிட் பெலாண்டோக்கில் ஒரு சீனத் தவுக்கேயின் பன்றிப் பண்ணையில் வேலை செய்தார். காய்ச்சல், தலைவலி, பிறகு நினைவு தப்பியது. பத்து நாள்கூடத் தாங்கவில்லை. நான் அவரைப் பார்த்ததில்லை.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பண்ணைகளில் நோய் தொடங்கியபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். முட்டாள்தனமான முடிவு என்று சொல்லிவிட முடியாது. அந்த வைரஸ் பன்றியின் உடலில் பெருகும். நெல்வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதை மனிதனிடம் கொண்டுவரும். முதலில் சோதித்த சிலரின் இரத்தத்தில் அதன் தடயமும் இருந்தது. புகையடித்தார்கள், ஊசி போட்டார்கள்.

பொருந்தாதவையும் கண்ணெதிரேதான் இருந்தன. அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்ததோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். மலாய்க்காரர்களுக்கு அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. கொசு மதம் பார்த்தா கடிக்கும்? ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே உரக்க இருமிச் செத்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து நேராக மனிதனுக்கு. கொசுவுக்கு இதில் வேலையே இல்லை. நோயாளியின் ஊரான சுங்கை நிப்பா வைரஸுக்குப் பெயரானது. (நோய்க்கு ஊர்ப்பெயர் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 2015இல்தான்.) மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள், இராணுவமும் இறங்கியது.

நல்லெண்ணத்தோடு செய்த தவறு குற்றமா? வெகுநாள் இல்லை என்றே நினைத்திருந்தேன். இன்றும் முதல் தவறுக்காக யார் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் தவறு சும்மா இருப்பதில்லையே. கொசுதான் காரணம் என்று நம்பப்பட்ட மாதங்களில் பேராக் பன்றிகள் லாரி ஏறித் தெற்கே வந்தன. நோயும் கூடவே வந்தது. மாமா பாட்டியிடம் சொன்னாராம்: “ரெண்டு ஊசியும் போட்டாச்சும்மா, பயமில்ல.” மறுநாளும் கொட்டகைக்குள் போய், இருமுகிற பன்றிகளை வெறுங்கையால் பிடித்தார். என்னை உறுத்துவது அந்த ‘பயமில்ல’தான். ‘எங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை’ என்று சொல்லியிருந்தால் பீதி பரவும் என்பார்கள். பரவியிருக்கலாம். அந்தப் பீதி அவருக்குச் சேர வேண்டியதுதானே? அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிம்மதியை வைக்க யாருக்கு உரிமை?

கூலிக்காக அவர் எப்படியும் போயிருப்பார் என்கிறார் அம்மா. இருக்கலாம். கையுறையாவது கேட்டிருப்பார் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

இவ்வளவு பேசுகிற நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கிள்ளானில் பாட்டி வீட்டு முன்னறையில் மாமாவின் படம் இருக்கிறது. யாராவது கேட்டால் “மூளைக்காய்ச்சல்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். பன்றிக் கொட்டகை என்ற சொல் அந்த வீட்டில் வராது. மாமா ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்தார் என்றே என் தங்கை பல வருடம் நினைத்திருந்தாள்.

போன தீபாவளிக்குப் பாட்டியிடம் நேராகவே கேட்டேன். “ஏன் பாட்டி, மாமாவுக்கு நிப்பான்னு சொல்ல மாட்டீங்களா?”

பாட்டி முறுக்கு டின்னை மூடிக்கொண்டே, “அன்னிக்கு ஆஸ்பத்திரில கொசுன்னுதான சொன்னாங்க” என்றார்.