ஆவாரையும் சும்மா இருத்தலும்

புரட்டாசி. வேலியோர ஆவாரையில் காய்கள் பழுப்பாகிக் காகிதம்போல் மெலிந்துவிட்டன. வெயிலுக்கு நேரே பிடித்தால் விதைக்கும் விதைக்கும் நடுவே தோல் ஒடுங்கியிருப்பது தெரிகிறது.

விதைத்தோல் கெட்டி. காட்டில் சில விதைகள் இந்த மழைக்கு முளைக்கும், சில அடுத்த வருஷத்து மழைக்கு. ஒரு மழை பொய்த்தாலும் எல்லாம் சேர்ந்து சாகாது. அவசரம் நமக்குத்தான். கொதித்து இறக்கிய நீரில் போட்டு இரவு முழுக்க விட்டால் பல விதைகள் பருத்துவிடும். பருக்காததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம்.

தொட்டி வேண்டாம். ஆணிவேர் ஆழத்துக்குப் போகிற செடி. இடம் மாற்றினால் பிழைப்பது கஷ்டம். சரளையோ செம்மண்ணோ, வெயில் முழுசாக விழுகிற இடத்தில் விதையை நேரே ஊன்றிவிட வேண்டும். வேர் பிடிக்கும் வரை மழை ஏமாற்றினால் கொஞ்சம் தண்ணீர். பிறகு எருவும் கிடையாது, பாத்தியும் கிடையாது. தண்ணீர் தேங்கினால்தான் கெடும். ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. காலையில் எழுந்ததும் குழாயைத் தேடுகிற கைக்கு இந்தச் செடி பெரிய சோதனை.

அவரைக்கும் உளுந்துக்கும் உறவு, ஆனால் அவற்றைப்போல் வேரில் முடிச்சு கட்டுவதில்லை. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் துணை இல்லாமலே வறண்ட மண்ணில் இத்தனை பச்சை. அந்தத் தழையைத்தான் வெட்டிக்கொண்டுபோய் நெல்வயலில் உரமாக மிதித்தார்கள்.

பூவை வெகுநேரம் பார்த்தேன். இதழ் ஐந்து, மகரந்தத்தாள் பத்து. மேலே உள்ள மூன்று மலடு. கீழே உள்ளவை நீண்டு வளைந்தவை. தேன் கிடையாது. மகரந்தப் பையும் வெடித்துத் திறக்காது, நுனியில் சிறு துளை மட்டும். கருவண்டு வந்து தாள்களைக் கட்டிப்பிடிக்கிறது, சிறகை மடக்கிக்கொண்டு உடம்பை அதிரவைக்கிறது. பறக்கும்போது கேட்பதைவிடக் கூர்மையான ரீங்காரம். அந்த அதிர்வில் துளை வழியே மஞ்சள் பொடி பீச்சி அதன் வயிற்றில் படிகிறது. சும்மா வந்து உட்காருகிறவருக்கு இங்கே ஒன்றும் இல்லை.

இலைகளில் பச்சைப் புழு. கொன்னை வெள்ளையன் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள். மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். செடி மறுபடி தழைத்துக்கொள்ளும், புழுவுக்கு வேறு சோறு குறைவு.

இதன் பட்டையை உரித்துத்தான் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் தோல் பதனிட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரத்தின் பட்டை வந்த பிறகு அந்தத் தேவை குறைந்தது. செடிக்கு அது நல்ல காலம் என்றே நினைக்கிறேன்.

தெலங்கானாவில் இதுதான் மாநில மலர். அங்கே பதுக்கம்மா பண்டிகையின் பூ அடுக்கில் ஏறுகிறது. கொங்கு நாட்டில் போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவார்கள். அதற்குக் கிளையை ஒடித்தால் போதும், வெட்டிய இடத்தில் இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கிச் சந்தையில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. காப்புக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கு நானே அரிவாளை எடுத்துக்கொண்டு போய் வெட்டித் தருகிறேன்.