கேட்பவன் கை

வள்ளுவப் பெருந்தகை கேட்டுப் பெறுவதைப் பற்றி இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ‘இரவு’ என்னும் அதிகாரத்திலே, ஒளிக்காமல் கொடுக்கும் நெஞ்சினரிடம் கேட்பதில் இழிவில்லை என்றார்; அதன் மை உலரும் முன்னரே ‘இரவச்சம்’ என்று மற்றோர் அதிகாரம் வகுத்து, எத்தகையோரிடமும் கேளாதிருத்தலே மேல் என்றார். பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த நாள் முதல் இவ்விரண்டையும் பல முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் முரண் என்பர். நானும் எனக்குத் தெரிந்த சமாதானத்தைச் சொல்லி முடிப்பேன். ஆயின், இவ்விரண்டிலும் அடங்காத கேட்டல் ஒன்றுண்டு என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஒருவன் தனக்கு உரியதையே பிறரிடம் சென்று கேட்க வேண்டியிருந்தால், அதற்கு என்ன பெயர்? அதுவும் இரத்தல்தானா?

மாக் மண்டின், பினாங்கு மாநிலத்தின் பழைய தொழிற்பேட்டைகளுள் ஒன்றைத் தன் மடியிலே வைத்திருக்கும் ஊர். எங்கள் பிள்ளைகளின் தந்தையரிற் பலர் ஆலைச் சங்குக்கு எழுந்து ஆலைச் சங்குக்கு உறங்குவோர். அத்தகையோர் ஒருவரின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டிலே படித்தான். வாரத்தில் இரு நாள் வராமல் நின்றான். காரணம் கேட்டு வரச் சொன்னபோது, தந்தையே அவனை அழைத்துக்கொண்டு வந்தார். ஆலையொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், வயது நாற்பத்தேழு, பக்கவாதம் கண்டு எழுந்தவர். நடை தேறிவிட்டது, பேச்சும் தெளிவாகவே இருந்தது. வலக்கை விரல்கள் மட்டும் மடங்கவில்லை. மனைவி பகலில் வேலைக்குப் போய்விடுவதால், மகன்தான் சில நாள்களில் உடனிருந்து அவருக்கு உதவி செய்கிறான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். இடக்கையால் கொடுக்க நேர்ந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். அவருடைய இயலாமை ஓய்வூதிய விண்ணப்பத்தை ஆராய்ந்த மருத்துவ வாரியம், அவர் இயலாதவர் அல்லர் என்று முடிவு செய்திருந்தது. கடிதம் வந்து அறுபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அது முருகன் படத்துக்குப் பின்னால் இருந்ததாம். “ஐயா, வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தா மனசு இரங்குவாங்க,” என்றார்.

தோட்டங்களிலே கிராணிமார் எழுதித் தந்த மனுக்களை என் பாட்டனார் காலத்தவர் கண்டிருப்பர். தபால் நிலையத் தாழ்வாரத்திலே தட்டச்சுப் பொறியோடு அமர்ந்து எழுதிக் கொடுத்தோரும் உண்டு. அம்மனுக்களுக்கெல்லாம் ஒரே இலக்கணம்: எழுதுபவன் சிறியவன், படிப்பவர் பெரியவர், நடுவே கண்ணீர். நானும் அந்த இலக்கணம் பிறழாமல் எழுதினேன். நல்ல மலாய் மொழியில், இரண்டு பக்கம். மூன்று பிள்ளைகள், வாடகை வீடு, மனைவியின் சிறு வருமானம், இவருடைய நன்னடத்தை, இருபது ஆண்டு உழைப்பு எல்லாம் அதில் இருந்தன. எழுதி முடிக்க எனக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. விளையாட்டுப் போட்டி நாள்கள் அவை. என் மேசையில் அது கிடந்த ஒவ்வொரு நாளும் அவருடைய நாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அனுப்புமுன், எங்கள் பள்ளியில் பயின்று இன்று வழக்கறிஞராக இருக்கும் ஒரு பெண்ணிடம் காட்டினேன். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் தன் முறை வரும்போது ஊதியமின்றிப் பணிபுரிகிறவள். பொறுமையாகப் படித்தாள். “ஐயா, இதிலே எல்லாம் இருக்கிறது, சட்டம் கேட்டது மட்டும் இல்லை,” என்றாள். பிறகு, கடிதம் கிடைத்த தேதியைக் கேட்டாள். விரல்விட்டு எண்ணினாள். மருத்துவ வாரியத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யத் தொண்ணூறு நாள்தான், ஒன்பது மீதமிருந்தது.

சட்டம் கேட்டது என்ன? 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒருவனுடைய வறுமையை அளப்பதே இல்லை. தீராத நோயால் அல்லது குறைபாட்டால், தன் உடல் வலிமைக்கேற்ற வேலையைச் செய்து, நலமுள்ள தொழிலாளி ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கையேனும் அவனால் ஈட்ட முடியுமா என்பதே அது கேட்கும் கேள்வி. ஒரு பிள்ளையிருந்தாலும் பத்துப் பிள்ளையிருந்தாலும் விடை ஒன்றுதான். சக்கர நாற்காலி கூட அதற்கு அளவுகோல் அன்று. பினாங்கின் புகழ்பெற்ற வழக்கறிஞர் கர்ப்பால் சிங், 2005-ஆம் ஆண்டு விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே 2014-இல் மறையும் வரை நீதிமன்றங்களில் வாதாடினார். நம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரோ நிமிர்ந்து நடக்கிறார். ஆனால் அவருடைய பிழைப்பு முழுவதும் அந்த வலக்கையின் ஐந்து விரல்களில் இருந்தது.

அப்பெண் மேலும் ஒன்று சொன்னாள். இயலாமைத் திட்டத்துக்கான சந்தா சம்பளத்தில் வெள்ளிக்கு ஒரு காசு. அதில் பாதியைத் தொழிலாளியே கட்டுகிறான், பாதியை முதலாளி கட்டுகிறார். சம்பளச் சீட்டில் ‘சொக்சோ’ என்று கண்டிருக்கும் அந்தச் சிறு தொகையை நம்மவர் பலர் வரி என்றே நினைத்திருக்கிறார்கள். அதற்கும் அப்பால், தொழிலாளி இன்னொரு விலையும் கொடுத்திருக்கிறான். அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு, காப்புறுதி பெற்ற தொழிலாளி வேலையில் நேர்ந்த காயத்துக்காகத் தன் முதலாளியின்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. யார் குற்றம் என்று பாராமல் நிதி கொடுக்கும்; அதற்கு ஈடாக அவன் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை விட்டுவிட வேண்டும். 1884-இல் பிஸ்மார்க்கின் செருமனி விபத்துக் காப்புறுதியை ஏற்படுத்தியபோதும் இதனை ஒத்த பேரமே நிகழ்ந்தது. ஐந்தாண்டு கழித்து, 1889-இல், இயலாமைக்கும் முதுமைக்கும் அங்கே காப்புறுதி வந்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியவன் எப்படி இரவலன் ஆவான்? நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம், கடன் கொடுத்தவனைக் கடனாளியின் வாசலில் கைகட்டி நிற்க வைத்த கடிதம். நல்லெண்ணத்தோடுதான் எழுதினேன். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

புதிய மேல்முறையீட்டை எழுத மூவரும் என் அலுவலகத்தில் அமர்ந்தோம். “காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள், அண்ணே,” என்றாள் அவள். அவர் சொல்லத் தயங்கினார். மருத்துவ வாரியத்தின் முன் என்ன சொன்னீர்கள் என்று கேட்டபோது, “எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. இப்ப பரவாயில்லைன்னு சொன்னேன்,” என்றார். வேறென்ன சொல்வார்? பெரியவர்கள் நலம் விசாரித்தால் நலம் என்று சொல்லத்தானே நாமும் நம் பிள்ளைகளைப் பழக்குகிறோம்? அன்று தம்மிடமிருந்தவற்றுள் நல்ல சட்டையை அணிந்து, தலைவாரி, திருநீறு பூசிப் போயிருக்கிறார். அச்சட்டைக்குப் பொத்தான் போட்டது மகன் என்பது கூடத்தில் இருந்த யாருக்கும் தெரியாது. அவர் மறைத்தது பொய்யாகுமா? வாழ்நாளெல்லாம் தன் வலியை வீட்டாருக்குக் காட்டாமல் உழைத்ததே தகப்பனின் அறம் என்று வளர்ந்தவர், ஒரே நாளில் அந்த அறத்தைக் கழற்றி வைத்துவிட்டு, என்னால் முடியாது, முடியாது என்று அந்நியர் முன் அடுக்க வேண்டும்.

எனக்கும் ஓர் ஐயம் எழுந்தது. இப்படிச் சொல், இதை முதலில் சொல் என்று ஒருவருக்குக் கற்பித்து அனுப்புவது நேர்மையா? சாட்சியைச் சோடிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவள் சிரித்துக்கொண்டே, “கேள்வியை இரண்டு முறை படி, கேட்டதற்கு விடை எழுது என்று எங்களுக்குச் சொன்னது யார், ஐயா?” என்றாள். இல்லாததை ஒரு சொல்லும் அவள் எழுத விடவில்லை. முன்பு மாடிப்படி ஏற முடியவில்லை என்று அவர் சொன்னதை, இப்போது ஏறுகிறார் என்று அறிந்ததும் அடித்தாள். மிஞ்சியவை வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த சிறு உண்மைகள்: கரண்டியை இடக்கையால் பிடிப்பது, கையொப்பம் மாறிப்போனது, பகலில் இரண்டு மணி நேரம் நின்றால் கால் துவள்வது. அவற்றோடு, இயன்முறை மருத்துவக் குறிப்புகளும், வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தின் நகலும் சேர்ந்தன.

ஆவணத்தின் அருமையை நம் சைவ மரபு அறியாததன்று. சேக்கிழார் பாடிய பெரியபுராணத்திலே, திருமணப் பந்தலுக்கு வந்து நீ எனக்கு அடிமை என்ற கிழவேதியர் கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்தார். கிழவர் கலங்கவில்லை, வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போய், கிழிந்தது படியோலை, மூல ஓலை இதோ என்று எடுத்து வைத்தார். அவையோர் பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்பளித்தனர். இறைவனே வழக்காட வந்தபோதும் மூலப்படியைக் கையில் வைத்திருந்தான். மருந்துச் சீட்டுகளை அரிசி மூட்டைக்கு அடியில் திணித்து வைக்கும் நம் குடும்பங்களுக்கு இதைக் கதாகாலட்சேபம் செய்கிறவர்கள் சற்று அழுத்திச் சொன்னால் தேவலை.

இத்துறையில் வழக்கறிஞர் எதற்கு என்று கேட்போர் உண்டு. மருத்துவக் கேள்வியானால் மேல்முறையீட்டு மருத்துவ வாரியம். வேலையில் நேர்ந்ததா, சந்தா கணக்குச் சரியா என்பன போன்ற பிற வழக்குகளுக்குச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம். சட்டச் சிக்கல் எழுந்தால் உயர் நீதிமன்றம். எந்தக் கதவு எதற்கு என்பதை அறிவதற்கே ஒருவர் துணை வேண்டியிருக்கிறது. அரசாங்கத்தின் சட்ட உதவிச் சட்டமும், சொக்சோ நிறுவனமும் நம் நாட்டில் 1971 என்னும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை. ஆயினும், நம்மவர் பலர் முதலில் போய்ச் சேருவது காப்பிக்கடையிலே, பணம் வாங்கித் தருகிறேன், வந்ததில் இத்தனை பங்கு என்று பேசும் இடைத்தரகரிடம். வழக்கின் பலனில் பங்கு பேசிக்கொள்வதை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற்சட்டம் வழக்கறிஞருக்கே தடை செய்திருக்கிறது. தரகருக்கு அந்தக் கூச்சம் எங்கிருந்து வரும்? உரியதைக் கேட்கக் கூசுகிறவனிடம்தான் அவருடைய வாணிகம் நடக்கிறது.

எண்பத்தாறாம் நாள் மேல்முறையீடு போய்ச் சேர்ந்தது. சில மாதங்களுக்குப் பின் அவரை மருத்துவர்கள் மீண்டும் அழைத்துப் பார்த்தனர்; ஓய்வூதியம் கிடைத்தது. மகன் பிறகு ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் இருக்கவில்லை. நன்றி சொல்ல வந்தவரிடம் உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போடச் சொன்னார்களாம். கழற்ற முடிந்தது, போட முடியவில்லை. நெடுநேரம் முயன்றிருக்கிறார். மருத்துவர் ஒருவர் எழுந்து வந்து, போதும் என்று மெல்லச் சொல்லி, தாமே பொத்தானை மாட்டிவிட்டாராம்.

அதைச் சொல்லிவிட்டு, “பையனுக்கு இது தெரிய வேண்டாம், ஐயா,” என்றார். அவனுக்குத் தினமும் தெரிந்த ஒன்றைத்தான் அவர் சொல்ல வேண்டாம் என்கிறார். நான் சரி என்றேன். அந்தப் பழைய இரண்டு பக்கக் கடிதம் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. இப்போதெல்லாம் யாரேனும் கடிதம் கொண்டுவந்தால், உறையைப் பிரிக்குமுன், எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டு அதன் மேலேயே எழுதி வைக்கிறேன்.